அக்காவின் புதன்கிழமை

எங்கள் குடும்பத்தின் மூத்தவரும், என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவருமான அன்பு அக்கா இறைவனிடம் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. கோபத்தோடு எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அக்கா மகள் பெங்களூரிலிருந்து போன் செய்து, "சித்தி, அம்மாவோட மலருங்க சித்தி. நல்லதா நாலு வார்த்த எழுதுங்க. சண்டையெல்லாம் அதுல வேணாங்க" என்றாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் ஒன்றும் சொல்கிறவர் இல்லை. இதற்கிடையில் எங்கள் சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப்பேரவையிலிருந்து ஒரு கட்டுரையே தயாராக டைப் அடித்து வந்து சேர்ந்தது. அதில் அக்காவைப் 'பங்கின் இசைக்குயில்' என்று எழுதியிருந்தார்கள். 'இறுதி மூச்சு வரை பாடகர் குழுவில் பணியாற்றியவர்' என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா கண் மூடுவதற்கு ஒரு வருடம் முன்பே அவரைப் பாடகர் குழுவில் ஓரம் கட்டியவர்கள் எழுதிய வரி அது. நான் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவள். தினமும் மனு வாங்குகிறவள். எந்த மனுவில் உண்மை இருக்கிறது, எதில் இல்லை என்று வாங்கும்போதே ஓரளவு தெரிந்துவிடும். அந்தக் கட்டுரையை இந்த மலரில் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது.

அக்கா பிறந்தது கடத்தூருக்குப் பக்கத்தில், அந்தக் காலத்தில் பஸ் வராத ஓர் ஊரில். அப்பா கிணறு வெட்டும் வேலைக்குப் போவார். மழை பெய்த வருடம் கொஞ்சம் ராகி, கொஞ்சம் சாமை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டால் நான் அக்கா இடுப்பில்தான். என்னைத் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறார். வாத்தியார் திட்டினால் என்னை வாசலில் உட்கார வைத்துவிட்டு, ஒரு கண்ணைக் கரும்பலகையிலும் ஒரு கண்ணை என் மீதும் வைத்துப் படித்திருக்கிறார். எங்களுக்குள் ஒன்பது வயது வித்தியாசம். வீட்டில் நான் அக்காவை 'வா, போ' என்றுதான் பேசினேன். மலரில் எழுதுவதால் மரியாதையாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி வெளியூர்ச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தர்மபுரிப் பக்கத்து ஆட்களை வெளியூரில் பல்லை வைத்தே கண்டுபிடிப்பார்கள். அக்காவுக்கு முன்பற்கள் நான்கிலும் கறை. இதற்காகவே அவரைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி. மூன்றாவதாக வந்தவர் மாமா. அவரிடம் அம்மா பயந்து பயந்து, "புள்ளைக்குப் பல்லு மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தபோது, மாமா வாயைத் திறந்து காட்டி, "எனக்கும் அப்பிடித்தானுங்க இருக்குது" என்றார். மாமா தன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். அந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா பால் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் கேன் கழுவும் வேலை. பிறகு பால் டெஸ்ட் பார்க்கும் வேலை. விடிகாலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. மாட்டுக்காரர்கள் கொண்டு வரும் பாலை முகர்ந்து பார்த்தே, "இன்னிக்கி உங்க மாடு என்னாத்தத் தின்னுச்சுங்க?" என்று கேட்பார். தண்ணீர் கலந்த பாலை ஊற்றிவிட்டு யாரும் அவரிடம் தப்பித்ததில்லை, ஆனால் யாரையும் நாலு பேர் முன்னால் வைத்து அவமானப்படுத்தியதும் இல்லை. கேனைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கூட்டம் போனதும் கூப்பிட்டுச் சொல்வார். என்னைப் படிக்க வைத்தது அந்த வேலை. எனக்கு சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது அக்காவின் முதுகுவலியால்தான்.

இனி கோயிலுக்கு வருகிறேன்.

எங்கள் பங்குக் கோயிலில் அக்கா முப்பது வருடத்துக்கு மேல் பாடகர் குழுவை நடத்தினார். அவருக்கு ராகமும் தெரியாது, நோட்டும் தெரியாது. காதால் கேட்டதைத் தொண்டையால் சொல்லிக் கொடுத்தார். புதிய பாட்டு என்றால் குழுவில் இருக்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், அடுப்படியிலோ மாட்டுக் கொட்டகையிலோ நின்று, அவரவர் பகுதியைத் தனித்தனியாகப் பாட வைப்பார். எல்லோரையும் ஒன்றாகச் சேர்ப்பது கடைசி வாரத்தில்தான். "கூட்டத்துல பாடுனா பக்கத்துல இருக்கறவங்க மேல சாஞ்சுக்குவீங்க. மொதல்ல ஒத்தையில நில்லுங்க" என்பார். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் கோயில் முற்றத்தில் இசை நிகழ்ச்சி நடக்கும். பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அது முடிந்து புது வருடம் பிறந்ததும் குழு மொத்தமும் வேன் பிடித்து ஒகேனக்கல் போய், பரிசலில் சுற்றி, வறுத்த மீன் தின்றுவிட்டு வருவார்கள். அக்காவுக்கு இசை நிகழ்ச்சி பிடிக்காது, மேடை பிடிக்காது என்று இப்போது சிலர் சொல்லித் திரிகிறார்கள். சுத்தப் பொய். அக்காவைப் போல மேடையை ரசித்த ஆளை நான் பார்த்ததில்லை.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டின் முதல் அடியை அக்காதான் எடுத்துக் கொடுப்பார். ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவர் சுருதி கொடுத்துக் காத்திருப்பார். அக்கா மெதுவாக, பக்கத்து வரிசைக்கு மட்டும் கேட்கிற அளவில் ஆரம்பிப்பார். இரண்டாவது வார்த்தையில் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். வேறு யாரும் முதல் அடி எடுத்து நான் கேட்டதே இல்லை. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் அந்த ஞாயிறு பாட்டு இருக்காது, ஜெபம் மட்டும்தான்.

புதன் மாலை ஜெபம் தானாக அமைந்தது. ஓர் ஐப்பசி மாதம், அப்போது இருந்த வயதான பங்குத்தந்தை புதன்கிழமை சாயங்காலம் சாதாரணமாக ஒரு ஜெபம் வைத்திருந்தார். அக்கா சொசைட்டியில் பால் அளந்து முடித்துவிட்டு மழையில் ஓடி வந்து முதல் பாட்டைப் பாடி முடிக்கவும் கரண்ட் போனது. மைக் இல்லை. பீடத்தில் இரண்டு குத்துவிளக்குகள் மட்டும். அடுத்த பாட்டை ஆரம்பிக்க அக்காவுக்கு மூச்சு வாங்கியது. சாமியார் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. கரண்ட் வந்ததும் யாரோ எழுந்து போய் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். பிறகு அக்கா அடுத்த பாட்டை எடுத்தார். "அடுத்த புதனும் இதே மாதிரி இருப்போம்" என்றார் சாமியார். அன்றிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் அப்படியே நடந்தது. மாலை ஆறரை மணிக்கு விளக்கை அணைப்பார்கள். ஒரு பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், கால் மணி நேர மௌனம், கடைசியில் ஒரு பாட்டு. மௌனம் முடிந்தது என்று மணி அடிப்பதில்லை. அக்கா பாட ஆரம்பித்தால் முடிந்தது என்று அர்த்தம்.

நம் ஜனங்கள் மட்டும் வந்த ஜெபம் இல்லை அது. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அப்படியே வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிற எருமைக்காரப் பெரியவர் ஒருவர் உண்டு. வாசலில் பால் கேனையும் துண்டையும் வைத்துவிட்டு உள்ளே வருவார். "உங்க குலசாமி கோச்சுக்காதுங்களா?" என்று நான் ஒரு முறை கேலி செய்தேன். "அது எங்கம்மா கோச்சுக்குது? நான் என்னா சாமிய மாத்திக்கிட்டனா? இங்க வந்து செத்த நேரம் உக்காந்தா தலபாரம் எறங்குது. அவ்வளவுதான்" என்றார். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா ஒருத்தி, வீட்டுக்காரன் குடித்துவிட்டு அடிக்கிற ஒருத்தி, பரீட்சையில் தோற்றுப்போன பெண்கள் என்று யார் யாரோ வந்தார்கள். யாரும் யாரிடமும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை.

இதைத்தான் நிறுத்தினார்கள்.

கோயிலுக்குப் பொன்விழா வந்தது. பங்குப்பேரவைக்குப் புதிய செயலாளர் வந்தார். டவுனில் பிளக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருப்பவர். சுறுசுறுப்பான மனிதர், அதை நான் மறுக்கவில்லை. பொன்விழாவுக்கு மாபெரும் இசை நிகழ்ச்சி, எல்.இ.டி. திரை, யூடியூபில் நேரலை என்று திட்டம் போட்டார்கள். பயிற்சிக்கு எந்த நாள் வசதி என்று பார்த்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் கோயில் 'சும்மாதானே' இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் மௌன ஜெபத்தை நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் அக்கா எழுந்து, வேறு நாள் பார்க்கலாமே என்று கேட்டிருக்கிறார். செயலாளர் சொன்ன பதிலை அங்கே இருந்த மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். மூன்று பேர் சொன்னதும் ஒரே மாதிரி இருந்தது: "பேசாம உக்காந்திருக்கறதுக்கு எதுக்குங்க்கா சர்ச்சு? அத வூட்லயே உக்காந்துக்கலாமே." கூட்டம் சிரித்ததாம். சிரித்தவர்களில் இந்த மலரை வாங்கியிருக்கிற சிலரும் உண்டு. உங்களுக்கே தெரியும்.

அக்கா வாயை மூடிக்கொண்டு பயிற்சிக்குப் போனார். போன இடத்தில்தான் தெரிந்தது, குழு பாடப் போவதே இல்லை என்று. பாட்டை சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் வைத்து யார் யாரையோ பாட வைத்துப் பதிவு செய்து கொண்டு வந்துவிட்டார்கள். நம் குழுவின் வேலை, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மேடையில் நின்று அதற்கு வாய் அசைப்பது. ஞாயிறு ஞாயிறு சொந்தத் தொண்டையால் பாடிக்கொண்டிருந்த நாற்பது பேருக்கு வாய் அசைக்க மூன்று மாதப் பயிற்சி! இதற்காகத்தான் அந்தக் கோயிலில் விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள்.

அதோடு நிற்கவில்லை. கேமராக்காரர் ஒத்திகை பார்த்தபோது அக்கா முன் வரிசையில் நின்றிருக்கிறார். அவருடைய இடம் எப்போதும் அதுதான். திரையில் முகம் பெரிதாகத் தெரிந்தது. பல்லும் தெரிந்தது. செயலாளர் நேராகச் சொல்லாமல், குழுவில் இருக்கிற ஒரு கல்லூரிப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். அவள் வந்து, "அத்த, உங்கள கடசி வரிசையில நிக்கச் சொல்றாங்க... கேமராவுல அப்பத்தான் நல்லா வருமாம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அவளைத் திட்டவில்லை. "நீ ஏன் கண்ணு அழுவுற? எனக்குத் தெரியாதா என் பல்லு?" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். இதை அந்தப் பெண்ணே என்னிடம் வந்து அழுது சொன்னாள்.

நிகழ்ச்சி அன்று நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரை பளபளத்தது. டிரம்ஸ் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. நாற்பது வாய்கள் திறந்து திறந்து மூடின. கடைசி வரிசையில், ஓரத்தில், அக்கா கையைக் கட்டிக்கொண்டு வாயை இறுக மூடி நின்றார். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை திறக்கவே இல்லை. இப்போதும் அந்த வீடியோ யூடியூபில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இங்கே நான் என் குற்றத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அன்று வீட்டுக்கு வந்ததும் நான் அக்காவைத் திட்டினேன். "ஊரே பாக்குது, உனக்கு மட்டும் என்னாக்கா வீம்பு? கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போனா என்னா?" என்றேன். அக்கா சேலையை மடித்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தயும் வுட்டுத்தான் குடுத்துட்டேன். வாய மட்டும் வச்சிருக்கேன்" என்றார். இரண்டு நாள் கழித்து, "நீதான் ஊருக்கெல்லாம் மனு எழுதற. புதன்கெழமய திருப்பிக் கேட்டு எனக்கு ஒண்ணு எழுதிக் குடேன். பிஷப்புக்கே, ஆயர் இல்லத்துக்கு அனுப்பலாம்" என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. ஆபீஸில் வேலை, ஜமாபந்தி, ஆடிட் என்று தள்ளிக்கொண்டே போனேன். உண்மையில், பங்கில் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் வழி சொல்கிற நான், என்னைத் தூக்கி வளர்த்தவர் வாய் திறந்து கேட்ட ஒரே ஒரு மனுவை எழுதவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. புதன் திரும்ப வரவில்லை. நிகழ்ச்சி பேர் வாங்கிவிட்டதால், இனிப் போட்டிகளுக்கும் போகலாம் என்று பயிற்சியைத் தொடர்ந்தார்கள். ஞாயிறு திருப்பலிக்கும் பதிவு செய்த பாட்டையே போட்டார்கள். அக்கா கொஞ்ச நாள் புதன்தோறும் வந்து கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். கூடவே ஐந்தாறு பேர். பயிற்சிக்கு இடைஞ்சல், பாதுகாப்பு இல்லை என்று சொல்லி வளாகத்தின் கேட்டைச் சாத்திப் பூட்டினார்கள். அதன் பிறகு அந்த ஐந்தாறு பேரும் சொசைட்டியில் பால் வண்டி போன பிறகு, கழுவிக் கவிழ்த்த கேன்களுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். எருமைக்காரப் பெரியவர் பழைய சாக்குகளைக் கொண்டு வந்து விரித்தார். தெருவில் போகிறவர்கள், ஏதோ ஸ்ட்ரைக் நடக்கிறது என்று நினைத்தார்களாம். அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்றார்கள். மாடிப்படி ஏறக்கூடாது, பாடக்கூடாது என்றார்கள். "பாட வுட்டாத்தானங்க பாடறதுக்கு?" என்று டாக்டரிடமே கேட்டார் அக்கா. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியே ஏழு மாதம் ஓடியது. கடைசி வாரம் தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கி என்னா கெழம?" என்று கேட்டார். வெள்ளி என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம் போய்விட்டார்.

அடக்கத் திருப்பலியைப் பற்றி நான் எழுதக்கூடாது என்று அக்கா மகள் கெஞ்சினாள். எழுதாமல் இருக்க முடியவில்லை, என்னை மன்னித்துக்கொள் கண்ணு.

கோயில் நிறைந்து நின்றது. பாடகர் குழு முழுவதும் வந்திருந்தது, ஒருவர் பாக்கியில்லை. எல்லோர் கையிலும் பாட்டுப் புத்தகம். கீபோர்டுக்காரர் சுருதி கொடுத்தார். யாரும் ஆரம்பிக்கவில்லை. மறுபடியும் கொடுத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாம் முறை கொடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. நாற்பது பேரும், எப்போதும் போல, அக்கா முதல் அடியை எடுப்பதற்காகக் காத்திருந்தார்கள். அக்கா பெட்டிக்குள் படுத்திருந்தார். இப்படி ஒரு தப்பு உலகத்தில் வேறு எந்தப் பாடகர் குழுவுக்கும் வராது. அந்தக் கல்லூரிப் பெண் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது. செயலாளர் சைகை காட்டினார். சவுண்டு சிஸ்டத்தில் பென் டிரைவைச் சொருகினார்கள். பொன்விழாவில் வாய் அசைத்த அதே பாட்டு, அதே டிரம்ஸோடு, என் அக்காவின் பெட்டிக்கு மேலே இரைந்து கிளம்பியது.

நான் போய் வயரைப் பிடுங்கினேன். ஆமாம், நான்தான். கோயிலுக்குள் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று இன்று வரை பேசுகிறார்கள். பேசட்டும். மிச்சத் திருப்பலி பாட்டு இல்லாமலே முடிந்தது. கல்லறையிலும் பாட்டு இல்லை. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் முப்பது வருடம் பாடி வழியனுப்பிய என் அக்கா, ஒரு பாட்டு இல்லாமல் மண்ணுக்குள் போனார். மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. "மவுனமாத்தான போனாங்க, அதுவும் ஒரு பொதங்கெழம மாதிரிதாம்மா" என்று எருமைக்காரப் பெரியவர் ஆறுதல் சொன்னார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அது புதன்கிழமை இல்லை. புதன்கிழமை மௌனத்துக்கு முன்னால் ஒரு பாட்டு உண்டு, பின்னால் ஒரு பாட்டு உண்டு. அன்று இரண்டும் இல்லை.

இப்போது இந்த ஓராண்டு நினைவுக்கு என்ன செய்ய நினைத்தார்கள் தெரியுமா? 'இசை அஞ்சலிப் பெருவிழா'. அதே திரை, அதே பென் டிரைவ். கோயில் வாசலில் அக்கா படம் போட்டு பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். ஒகேனக்கலில் எடுத்த படம். கையால் மூடாமல் அக்கா வாய் விட்டுச் சிரிக்கிற ஒரே படம். மாமா விவரம் தெரியாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்க்கிறேன், அக்காவின் பல் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் வெளுத்துவிட்டார்கள்! "நல்லா இருக்கட்டுமேன்னுதாங்க" என்றார் செயலாளர். "செத்த பொறவும் எங்கக்கா பல்லு உங்களுக்கு இடஞ்சலா இருக்குதா? கழட்டுங்க அத" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். கழற்றிவிட்டார்கள். மலரின் முதல் பக்கத்தில் இருப்பது அதே படம்தான், அக்காவின் சொந்தப் பல்லோடு. மாமா பார்த்துவிட்டு, "இதான் அவ" என்றார்.

அந்தக் கையோடு, இரண்டு வருடம் தாமதமாக, அக்கா கேட்ட மனுவை எழுதினேன். ஆயர் இல்லத்துக்கு ஒரு பிரதி, பங்குத்தந்தைக்கு ஒரு பிரதி. இப்போது இருக்கிற பங்குத்தந்தை இளவயதுக்காரர்; கெட்டவர் இல்லை, பேரவையைப் பார்த்துப் பயப்படுகிறவர். கூப்பிட்டு அனுப்பினார். செயலாளரும் இருந்தார். "புதன் சாயங்காலம் ஆறரை மணிக்குக் கோயிலைத் திறந்து விடறேம்மா. பயிற்சிய வியாழனுக்கு மாத்திக்கச் சொல்லிட்டேன்" என்றார் ஃபாதர். செயலாளர் மெதுவாக, "தெறக்கலாங்க ஃபாதர். ஆனா பாட்டு யாருங்க எடுக்கறது? அக்கா இல்லியே" என்றார். நியாயமான கேள்வி. எனக்கு வந்த ஆத்திரம் அவர் மீது இல்லை, அக்கா மீது. முப்பது வருடம் நாற்பது பேரை ஒற்றையில் நிற்கப் பழக்கினாயே, ஒருத்தியை முதல் அடி எடுக்கப் பழக்கினாயா? அதை மட்டும் ஏன் யாருக்கும் கொடுக்காமல் நீயே வைத்துக்கொண்டாய்? கல்லறைக்குப் போய் சத்தம் போட்டே கேட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடைசி ஏழு மாதமும் அக்காவை உட்கார வைத்தே வேலை பார்க்க விட்ட பால் சொசைட்டி ஊழியர்களுக்கு நன்றி. சாக்கு விரித்த பெரியவருக்கு நன்றி. அவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர். ஆஸ்பத்திரியில் அக்காவின் காலைப் பிடித்துவிட்ட, பெயர் கேட்க மறந்துபோன நர்ஸ் பெண்ணுக்கு நன்றி. கஞ்சி காய்ச்சி பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கு நன்றி. அக்காவுக்கு மூச்சு முட்டிய அன்று, கூப்பிட்ட ஐந்தாவது நிமிடம் தன் காரை எடுத்துக்கொண்டு வந்து, தர்மபுரி வரை விளக்குப் போட்டபடி ஓட்டிச் சேர்த்தவர் பேரவைச் செயலாளர். அதை மறைத்தால் நானும் பொய் மனு எழுதியவள் ஆவேன். அதற்கு அவருக்கு நன்றி. அதற்கு மட்டும்.

பாடகர் குழுவில் இருப்பவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இசை அஞ்சலி ரத்தாகிவிட்டது. அதற்குப் பதிலாக, வருகிற புதன் மாலை ஆறரை மணிக்குக் கோயில் திறந்திருக்கும். பால் வண்டி போனதும் பெரியவர் வந்துவிடுவார். நான் ஆபீஸ் முடிந்து ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன். விளக்கை அணைத்ததும் முதல் அடியை நான்தான் எடுக்கப் போகிறேன். எனக்குப் பாட வராது. சுருதி சேராது, தாளம் நிற்காது, என் குரல் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். வெட்கமெல்லாம் போயாயிற்று. கேட்கச் சகிக்காது என்று எனக்கே தெரியும். அடுத்த புதனும் எடுப்பேன், அதற்கு அடுத்த புதனும் எடுப்பேன். உங்களில் யாருக்காவது அதைப் பொறுக்க முடியாமல் போய், "அத்த, நீங்க உக்காருங்க" என்று சொல்லிச் சரியாகப் பாடுகிற வரைக்கும் விடமாட்டேன்.